பதினேழு சென்டிமீட்டர் முன்னால்

ஸ்டஃபான் எக்மார்க்கிடமிருந்து விவாகரத்து வாங்கிய பார்ப்ரோ அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாள். "நான் எத்தனை மீட்டர் தள்ளி நிக்கறேன்னு அந்த மனுஷனுக்கு அளக்காமலே தெரியும். கிட்ட வரணும்னுதான் தெரியாது." ஸ்வீடனில் அவர்கள் இருந்த உதெவல்லா ஊரில் அவர்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருந்தார்கள். ஸ்டஃபானிடமே யாரோ போய்ச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அளவைப் பத்தி சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாராம்.

அவர் ஃபோகஸ் புல்லர். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நடிகர் முன்னால் வர வர, பின்னால் போகப் போக, லென்ஸின் வளையத்தைத் திருப்பி முகத்தைத் தெளிவாக வைத்திருக்கிற ஆள். முப்பத்தொரு வருஷம் இதையே செய்தார். ஒழுங்காகச் செய்தால் அப்படியொரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. தவறினால் மட்டும் ஆளின் பெயர் தெரியும்.

இந்த வேலைக்கு அவர் வந்ததே ஒரு அளவு டேப்பின் நுனியைப் பிடிக்கப் போய்த்தான். அப்பா கப்பல் கட்டும் தளத்தில் தகடு வெட்டிக்கொண்டிருந்தார். தளத்தை மூடினார்கள். காலியான தளத்தைப் படம் எடுக்க ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு கூட்டம் வந்தபோது ஸ்டஃபானுக்குப் பத்தொன்பது வயது. வேடிக்கை பார்த்தவரைக் கூப்பிட்டு, "இந்த நுனியைப் பிடி, அந்தக் கிரேன் வரைக்கும் போ" என்றார்கள். போகும்போதே, "இருபத்திரண்டு மீட்டர் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். அளந்தால் இருபத்தொன்று தொண்ணூறு. மறுநாளும் வரச் சொன்னார்கள்.

நான் அவரோடு வேலை செய்தது ஐந்து வருஷம். கேமரா கார்டுகளில் இருக்கும் படங்களைப் பிரதி எடுத்துப் பெரிய திரையில் சரிபார்ப்பது என் வேலை. அதற்கென்று ஒரு வேன் உண்டு. அதை விட்டு நான் அதிகம் இறங்குவதில்லை. வேனின் பக்கவாட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் எல்லோரையும் பார்க்கலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. வியாழக்கிழமை பட்டாணி சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது ஸ்டஃபான் எனக்குப் பின்னால் வந்து நிற்பார். "பானைக்கு மூணு மீட்டர் நாப்பது" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவருடைய பெயர் எங்கள் தொழிலில் எதற்காக மதிக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு டேக் முடிந்ததும் எல்லோரும் ஃபோகஸ் புல்லர் பக்கம் திரும்புவார்கள். படம் தெளிவாக வந்ததா, இன்னொரு தடவை எடுக்க வேண்டுமா என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். பலர் மழுப்புவார்கள். "ஓரளவு வந்திருக்கும்" என்பார்கள், "நடிகர் குறி தாண்டி நின்னுட்டார்" என்பார்கள். ஸ்டஃபானிடம் இரண்டே சொற்கள். வந்திருந்தால் "இருக்கு". வராவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்னால், தானாகவே, "மியூக்".

மியூக் என்றால் ஸ்வீடிஷில் மென்மை. அப்போது சுட்ட ரொட்டி மியூக், குழந்தையின் கன்னம் மியூக், ஃபோகஸ் தப்பிய படமும் மியூக். நாற்பது துணை நடிகர்கள், எட்டுக் குதிரை வண்டி, அஸ்தமனச் சூரியன் எல்லாம் கூடிவந்த ஒரு டேக்கின் முடிவில் அவர் "மியூக்" என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஆனால் திரும்ப எடுத்தார். ஸ்டஃபான் "இருக்கு" என்று சொன்ன எதையும் நான் வேனில் போட்டுப் பார்த்து வேறு மாதிரி கண்டதில்லை. அதனால் சம்பளம் ஒன்றும் கூடிவிடவில்லை. அந்தச் சொல்லைத் தவிர அவரிடம் காட்டிக்கொள்ள வேறு எதுவும் இருந்ததாகவும் எனக்குத் தெரியாது.

மார்ச் மாதம் லீசெகில் என்ற கடற்கரை ஊரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தோம். 1953இல் மீன் டப்பா தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் கதை. ஒளிப்பதிவு வெண்டலா. முப்பத்தெட்டு வயது, நல்ல கண், வேகம். இன்றைய கேமராவின் தெளிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷத்துச் சுவரெல்லாம் நேற்று பெயிண்ட் அடித்தது போலவும், நடிகைகள் வேஷம் போட்டவர்கள் போலவும் தெரிகிறார்கள் என்றாள். உண்மைதான். அதற்காக பெர்லினிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள். உள்ளே வட்ட வட்டமாகச் சிறிய கண்ணாடிகள். வழக்கமாக ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் மாட்டுவார்கள். இவற்றை லென்ஸைக் கழற்றி அதன் முதுகில், கேமராவுக்குள் போகிற பக்கத்தில் பொருத்த வேண்டும். பொருத்தினால் வெளிச்சமான இடங்களின் ஓரம் லேசாகக் கசியும், கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், முகங்கள் பழைய ஆல்பத்தில் இருப்பது போல ஆகும்.

பார்க்கத் தொண்டைக்கு வாயில் போடும் வில்லை மாதிரி இருந்ததால் செட்டில் அதற்கு அந்தப் பெயரே வந்துவிட்டது. "வில்லை போட்டாச்சா?" "போட்டாச்சு, இனிமே இருமாது."

ஸ்டஃபான் சிரிக்கவில்லை. "முன்னாடி போட்டா படத்தை மட்டும் மாத்தும். பின்னாடி போட்டா தூரத்தையும் மாத்தும்" என்றார். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி நுழைந்தால் லென்ஸின் மேல் எழுதியிருக்கும் தூரக் குறிகள் எல்லாம் பொய்யாகிவிடும். ஒவ்வொரு லென்ஸையும் வில்லையோடு புதிதாக அளந்து குறிக்க வேண்டும். அரை நாள் கேட்டார்.

தயாரிப்பு மேலாளர் ஷெனெட் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். "நீ சொல்றது எனக்குப் புரியுது ஸ்டஃபான். மனசளவுல நான் உன் பக்கம்தான். ஆனா அட்டவணையில அரை நாள் இல்லை."

"மனசளவுல அரை நாள் கிடைச்சா போதும்னு சொல்லலையே நான்."

"பாத்தியா, இதுதான் உங்கிட்ட எனக்குப் பிடிச்சது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, தன் விடுமுறையில், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தைக் கேட்டு வாங்கி அவரே அளந்தார். ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். ஆறு லென்ஸ். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெள்ளை ஒட்டு டேப், ஒரு சிவப்பு ஒட்டு டேப். வெள்ளையில் இருப்பது வில்லை இல்லாத கணக்கு. சிவப்பில் வில்லை உள்ள கணக்கு. வில்லை உள்ளே இருக்கும்போது லென்ஸின் விலாவில் இன்னொரு சிவப்புத் துண்டு ஒட்டியிருக்கும், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. அதுதான் அடையாளம். லென்ஸைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காத வேலை இது.

திங்கள் காலை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "வில்லையை எடுக்கறவன் விலாவுல இருக்கற சிவப்பு டேப்பையும் எடுக்கணும். ராஜாவா இருந்தாலும்."

"ராணியா இருந்தா?" என்றாள் வெண்டலா.

"ராணியா இருந்தா முதல்ல."

அவளும் சிரித்தாள். அவர்களுக்குள் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஒன்பது நாள் நன்றாகப் போனது. பத்தாவது நாள் ஹில்லெவியின் முடி.

ஹில்லெவிக்கு ஒன்பது வயது. கதையில் தொழிற்சாலைப் பெண்ணின் மகள். தலையில் பேன் என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிவிட, அம்மா அவளைத் தொழிற்சாலை முற்றத்தில் உட்கார வைத்துச் சடையை வெட்டுகிறாள். இடுப்பு வரை தொங்கிய சொந்த முடி. பொய்முடி வேண்டாம் என்று இயக்குநர் மௌரிட்ஸ் பிடிவாதமாக இருந்தார். பெற்றோரிடமும் அந்தச் சிறுமியிடமும் பேசி, சம்மதம் வாங்கி, நிஜமாகவே வெட்டுவதாக முடிவு. ஒரே டேக். திரும்ப எடுக்க வேண்டுமானால் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும்.

காலையில் காற்று கடல் நீரை வாரி அடித்தது. மதியத்துக்குள் காற்று நின்று மேகம் மூடிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு ஷாட். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். ஸ்டஃபான் ஹில்லெவியின் கண்ணுக்கு அளவு டேப்பைப் பிடித்தார். ஒன்றரை மீட்டர்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை. உனக்கு?"

"எனக்கு எப்பவும் இருக்கும்."

லென்ஸின் விலாவில் சிவப்புத் துண்டு இருந்தது. அவர் சிவப்புக் குறியில் வளையத்தை வைத்தார். வேனில் என் முன்னால் இருந்த திரை அப்போது வேறு கார்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்ததால் எனக்கு வாக்கி-டாக்கியில் சத்தம் மட்டும்தான். கத்தரி முடியை ஒரேயடியாக வெட்டாமல் அறுத்து அறுத்து வெட்டுகிற சத்தம். பிறகு ஒரு விசும்பல். அது கதையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மௌரிட்ஸ் நிறுத்தச் சொல்லாமல் ஓடவிட்டார். முடிந்ததும் அவர் குரலே உடைந்திருந்தது.

"ஸ்டஃபான்?"

வழக்கத்தைவிட ஒரு மூச்சு நேரம் தாமதமாக அவர், "இருக்கு" என்றார்.

கைதட்டினார்கள். கார்டு என்னிடம் வந்தது. பெரிய திரையில் போட்டேன். ஹில்லெவியின் முகத்தில் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல்கள் கரைந்திருந்தன. படச் சட்டத்தின் அடியோரத்தில், மார்பருகே தன் சடையின் முனையை இறுக்கிப் பிடித்திருந்த அவள் கைகள் மட்டும் அவ்வளவு தெளிவு. நகத்தடியில் அழுக்கை எண்ணலாம்.

நான் மூன்று தடவை ஓட்டினேன். என் கண்ணில்தான் கோளாறு என்று இருந்துவிடாதா என்று பார்த்தேன். அப்புறம் வேனிலிருந்து இறங்கிப் போனேன்.

"ஸ்டஃபான், ஒரு நிமிஷம் வாயேன்."

என் முகத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த காபியை அப்படியே ஒரு பெட்டியின் மேல் வைத்தார். வேனுக்குள் நின்றபடி ஒரு தடவை பார்த்தார். "கையைப் பெரிசு பண்ணு" என்றார். பண்ணினேன். தன் கண்ணுக்கு நேரே விரல்களை விரித்து எதையோ அளந்தார். "பதினேழு சென்டிமீட்டர் முன்னால விழுந்திருக்கு" என்றார். பிறகு, "வில்லை உள்ள இல்லை."

போய் லென்ஸைக் கழற்றினார்கள். முதுகு காலி. விலாவில் சிவப்புத் துண்டு ஒட்டியபடி இருந்தது. வெண்டலா தன் சட்டைப் பையிலிருந்து சின்ன உறையை எடுத்தாள். வில்லை அதற்குள் இருந்தது.

"உப்புத் தண்ணி பட்டிருக்கோன்னு சாப்பாட்டு நேரத்துல கழட்டித் தொடைச்சேன்" என்றாள். "அப்புறம் மேகம் வந்துடுச்சு. இந்த வெளிச்சத்துல அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. விட்டுட்டேன்."

"டேப்பு?"

"சொன்னேன்னு நினைக்கிறேன்."

"யார்கிட்ட?"

"சொன்னேன்னுதான் நினைக்கிறேன் ஸ்டஃபான்."

மேகத்தடியில் அந்தக் கண்ணாடி எதையும் கசிய வைக்காது. அவள் சொன்னது சரி. அதனாலேயே செட்டில் இருந்த சின்ன மானிட்டரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பது நாளாக எல்லா முகமும் மென்மையாகவே இருந்தது. ஃபோகஸ் தப்பிய மென்மையும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். மறுநாள் காலை தொழிற்சாலையின் பழைய கணக்கறையில் ஷெனெட் இலவங்கப்பட்டை பன்னும் காபியும் வைத்து ஒரு கூட்டம் போட்டாள். ஷாட் விவரம் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

"யாரையும் குத்தம் சொல்ல நாம இங்க உக்காரலை" என்று ஆரம்பித்தாள். "என்ன நடந்ததுன்னு புரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். ஸ்டஃபான், நீ 'இருக்கு'ன்னு சொன்னே."

"சொன்னேன்."

"உள்ள கண்ணாடி இருக்கா இல்லையான்னு பாக்கறது யார் பொறுப்பு?"

அவர் வெண்டலாவைப் பார்த்தார். வெண்டலா பன்னின் மேலிருந்த சர்க்கரையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம், அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்திருந்தால் போதும். அறையில் ஹீட்டர் மட்டும் சத்தம் போட்டது. நானும் அந்த ஹீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் பொறுப்பு" என்றார் ஸ்டஃபான். "ஆனா டேப்பு இருந்தது."

"டேப்பை யார் ஒட்டினது?"

"நான்."

"சரி" என்று ஷெனெட் எழுதிக்கொண்டாள். "இது தண்டனைன்னு நினைக்காதே. உனக்கு இப்ப ஓய்வு தேவைன்னு எங்க எல்லாருக்கும் தோணுது. மிச்சம் பதினோரு நாள்தானே, வேற ஆளை வெச்சு முடிச்சுக்கறோம்."

"எங்க எல்லாருக்கும்னா யாரு?"

"நீ இப்படிக் கேக்கறதே நீ களைச்சுப் போயிருக்கேன்னு காட்டுது, இல்லையா?"

அவர் எழுந்தார். லென்ஸ் பெட்டி இருந்த அறைக்குப் போய் ஆறு லென்ஸிலிருந்தும் டேப்களை உரித்தார். வெள்ளையும் சிவப்பும். உருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிசின் மிச்சம் இல்லாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் போனார்.

இந்தத் தொழில் சின்னது. நாலு கேமராக் கம்பெனி, இருபது முப்பது ஆட்கள். யாரும் அவரைப் பற்றித் தவறாகப் பேசவில்லை. "பாவம், வயசாயிடுச்சு, கண்ணு" என்று பரிவாகத்தான் பேசினார்கள். அதற்கு எதிராக எதுவும் சொல்ல முடியாது. தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. மே மாதம் ஒரு விளம்பரப் படம், அப்புறம் ஒன்றுமில்லை. இலையுதிர்காலத்தில் அவர் உதெவல்லாவுக்கு வெளியே ஒரு கட்டுமானப் பொருள் கடையில் மரப்பலகை அறுத்துத் தரும் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஒரு தடவை புத்தக அலமாரிக்குப் பலகை வாங்கப் போனேன். பலகை வாங்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன்.

"எத்தனை?" என்றார்.

"எண்பத்தஞ்சு. ஆறு பலகை."

அளவுகோல் வைக்காமல் அறுத்தார். பின்னாலிருந்து கடை மேலாளர், ஒரு சின்னப் பையன், "ஸ்டஃபான், அளந்துட்டு அறு, எத்தனை தடவை சொல்றது" என்று குரல் கொடுத்தான். ஸ்டஃபான் டேப்பை எடுத்து அறுத்த பலகையின் மேல் வைத்துக் காட்டினார். எண்பத்தைந்து. "இப்ப அளந்துட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

தொடர் ஜனவரியில் ஒளிபரப்பானது. முடி வெட்டும் ஷாட்டை மௌரிட்ஸால் திரும்ப எடுக்க முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை. எடிட்டிங் மேசையில் அது மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியிருந்தது. கண்கள் கரைந்த முகம், கரையாத கைகள். முன்னோட்டத்தில் அதுதான் கடைசி ஷாட். ஒரு நாளிதழ் அதைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியது. நினைவு என்பது முகத்தை மறந்து கையை வைத்துக்கொள்கிறது என்கிற மாதிரி ஒரு வரி. நல்ல வரி. எனக்குப் படிக்க வெட்கமாக இருந்தது. யோத்தெபோரி நகரத்தில் மாணவர்களுக்கு நடந்த கூட்டத்தில் வெண்டலா அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டினாள். வில்லைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். லென்ஸின் முதுகில் ஒரு கண்ணாடி வைத்தால் காலம் எப்படி மாறிவிடுகிறது என்று விளக்கினாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நிறுத்தாமல் மேலே பேசினாள்.

இரண்டாம் பாகத்துக்கு அனுமதி வந்தது. இந்த முறை தொலைக்காட்சிக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: அந்த ஷாட் மாதிரி வேண்டும், முழுத் தொடரும்.

பிப்ரவரியில் பரிசோதனை. வெண்டலா வில்லையைப் போட்டாள். பெட்டியில் இருந்த எல்லாக் கனத்திலும் போட்டாள். அழகாக வந்தது, அந்த மாதிரி வரவில்லை. என் வேனில் வந்து உட்கார்ந்தாள்.

"எதை மாத்தினோம்?"

"அன்னைக்கு உள்ள வில்லை இல்லையே" என்றேன். ஒரு வருஷமாக வாயில் இருந்தது. அவ்வளவு சின்னக் குரலில் வந்தது.

அவள் கோபப்படவில்லை. "தெரியும்" என்றாள். திரையையே பார்த்தாள். "அப்ப ஃபோகஸைத் தள்ளி வைக்கணும்."

அதையும் செய்து பார்த்தார்கள். ஸ்டஃபானின் இடத்துக்கு வந்த ஆள் கெட்டிக்காரன், மானிட்டரைப் பார்த்து வளையத்தைத் திருப்புபவன். நடிகை நின்றால் சரியாகத் தள்ளி வைத்தான். நடந்தால் ஒரு முறை பத்து சென்டிமீட்டர், ஒரு முறை முப்பது, நடுவில் ஓரிடத்தில் ஃபோகஸ் கண்ணிலேயே வந்து விழுந்துவிடும். பார்த்தால் வெறும் தவறு மாதிரியே இருந்தது. ஒரே அளவில் கடைசி வரை தவற வேண்டுமானால், எது சரி என்று ஒவ்வொரு நொடியும் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள்தான் எங்களுக்குத் தெரியும்.

வெண்டலா என் எதிரிலேயே அவருக்கு போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னால் ரம்பம் ஓடும் சத்தம்.

"ஸ்டஃபான், வெண்டலா பேசறேன்."

"சொல்லு."

"நீ வேணும். ஐம்பத்தெட்டு நாள்."

"கண்ணு போச்சுன்னு சொன்னாங்களே."

"நான் சொல்லலை."

"நீ எதையுமே சொல்லலை. அதான் விஷயம்."

ரம்பம் நின்றது. அவள் என்ன வேண்டும் என்று விளக்கினாள். எத்தனை தூரத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று. முடிந்ததும் அவர், "அப்ப ஐம்பத்தெட்டு நாளும் தப்பா எடுக்கக் கூப்பிடறே" என்றார்.

"அழகா எடுக்கக் கூப்பிடறேன்."

"ஒரு நிபந்தனை. முதல் நாள் காலைல, எல்லாரும் இருக்கும்போது, அன்னைக்கு வில்லை உள்ள இல்லை, எடுத்தது நான், டேப்பை எடுக்காம விட்டதும் நான்னு நீ சொல்லணும். இந்த வார்த்தைலயே."

வெண்டலா கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்றேன்" என்றாள்.

அவர் அதற்காகத்தான் வந்தார். ஏப்ரல் முதல் வாரம், அதே முற்றம், நாற்பது பேர், கையில் காபி. புது ஆட்கள் பாதிக்கு மேல். அவர் தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். படப்பிடிப்புக்கு அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. மௌரிட்ஸ் வரவேற்றுப் பேசினார். பிறகு வெண்டலா ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்பதை எழுத வேண்டியது என் கடமை.

"போன வருஷம் ஹில்லெவி முடி வெட்டற ஷாட், எல்லாரும் பேசறது, அதுல வில்லை உள்ள இல்லை. அதை எடுத்தது நான். டேப்பை எடுக்காம விட்டதும் நான். ஸ்டஃபான் மேல எந்தத் தப்பும் இல்லை."

லைட் ஆட்களில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும்.

"போதும், ரொம்ப அடக்கம் வேணாம்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"அடுத்து கேமராவே உள்ள இல்லைன்னு சொல்லுவா பாரு."

"நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் வெண்டலா. இன்னும் சிரித்தார்கள். ஷெனெட் கைதட்டினாள். "இதுதான் நம்ம குழு. வெற்றியைக்கூட யாரும் தனக்குன்னு எடுத்துக்கறதில்லை." மௌரிட்ஸ் வந்து ஸ்டஃபானின் தோளில் கை போட்டு, "கிழவா, நீ இல்லாம அந்த ஷாட் இல்லை" என்றார். மனமாரத்தான் சொன்னார்.

ஸ்டஃபான் நாற்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டார்களா என்று தேடினாரோ என்னவோ. பிறகு காபியைக் கீழே ஊற்றிவிட்டு கேமராவை நோக்கி நடந்தார்.

ஒன்றரை மீட்டரில் பதினேழு, மூன்று மீட்டரில் அறுபத்தொன்று என்று ஒரு அட்டையில் கணக்கு எழுதி லென்ஸ் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தார். முதல் ஷாட் ஹில்லெவிக்கு. பத்து வயதாகியிருந்தாள், வாயாடியாகியிருந்தாள். அவர் டேப்பை நீட்டி அவள் மூக்குக்கு முன்னால், ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்தினார்.

"அங்க என்ன இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லை."

"அப்புறம் ஏன் அளக்கறே? நான் இங்க இருக்கேன்."

"தெரியுது" என்றார். "அசையாதே."

அவள் டேப்பின் நுனியைப் பிடித்துத் தன் கண்ணருகே இழுத்தாள். அவர் அதை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

ஐம்பத்தெட்டு நாளும் வந்தார். மழையில், ஓடும் படகில், குதித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளின் மேல், அவருடைய தவறு ஒரு இடத்திலும் பிசகவில்லை. வேனில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அவர் வேனுக்குள் வரவேயில்லை. டேக் முடிந்ததும் மௌரிட்ஸ் திரையைப் பார்த்துத் தானே "அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

கடைசி நாள் ஷெனெட்டிடம் போய், தொடரின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார்.

"போடாம எப்படி? ஃபோகஸ் யாருன்னு போடறது?"

"யாரும் பண்ணலைன்னு போடு. பாத்தா அப்படித்தானே இருக்கு."

அவள் சிரித்துவிட்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். விசாரித்தாள். தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தில், வேலை செய்தவரின் பெயரை விட்டுவிட முடியாதாம். அது தொழிலாளியின் உரிமைக்காகப் போராடி வாங்கிய விதியாம். பெயர் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், கீழேயிருந்து மேலே ஏறிப் போனது. எழுத்துகள் நல்ல தெளிவாக இருந்தன.